வாசுகியின் இன்னொரு கொலுசு

லோஷினியும் ஷாந்தினியும் ஜேபி நகரை ஒட்டிய பெர்மாஸ் ஜெயாவில் ஒரே அடுக்குமாடி பிளாட்டில் வளர்ந்தவர்கள். இருவரும் பள்ளியில் ஐந்தாம் படிவம், பதினேழு வயது. மற்ற பெண்கள் பாட்டும் ஆட்டமும் பார்க்கிற கைபேசியில் இவர்கள் கொலைகளைப் பார்த்தார்கள்.

அதிலும் வாசுகியின் கொலை என்றால் சோறு தண்ணி வேண்டாம். தொழிற்சாலையில் வேலை செய்த அந்தப் பெண், போன வருஷம் பிளாட்டுக்குப் பின்னால் இருக்கும் சதுப்பில் பிணமாகக் கிடந்தாள். ஒரு காலில்தான் கொலுசு இருந்தது. இன்னொன்று கிடைக்கவில்லை, கொன்றவனும் கிடைக்கவில்லை. பள்ளி விட்டதும் இருவரும் அங்கே போய் உட்காருவார்கள். ஷாந்தினி சில சமயம் மல்லாந்து படுத்துக்கொள்வாள்.

"கடைசியா இந்த வானத்ததான் பாத்திருப்பா, இல்ல?"

நாளாக ஆக ஊரில் அந்தப் பேச்சே அடங்கிவிட்டது. ஷாந்தினிக்கு அது தாங்கவில்லை.

மழை தூறிய ஒரு சாயங்காலம் அவள் லோஷினியைக் கையைப் பிடித்து இழுத்துப்போனாள். பிளாட் வாசலில் காவலுக்கு இருக்கும் ஜாகா லெட்சுமணன் தேத்தண்ணி குடிக்கப் போயிருந்தார். தனிக்கட்டை, யாரோடும் அதிகம் பேசாதவர். அவர் உட்காரும் கூண்டுக்குள் நாற்காலிக்கு அடியில் கிடந்த பழைய துணியை ஷாந்தினி விலக்கினாள். முத்து வைத்த வெள்ளிக் கொலுசு ஒன்று.

"வீடியோ எடு லா!"

லோஷினி எடுத்தாள். அடுத்த நிமிஷம் அது பிளாட்காரர்களின் வாட்ஸப் குழுவில் இருந்தது.

லெட்சுமணன் திரும்பி வருவதற்குள் ஆண்கள் கூடிவிட்டார்கள். "எனக்கு ஒண்ணும் தெரியாதுய்யா" என்று அவர் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. ஹெல்மெட்டால் அடித்தார்கள். மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே அவர் உயிர் போய்விட்டது.

மறுநாள் போலீஸ் அந்தக் கொலுசை வாசுகியின் அம்மாவிடம் காட்டியது.

"இது எம் புள்ளயோடது இல்ல. அவளோடதுல முத்தே கெடையாது."

செய்தி கேட்டு லோஷினி ஷாந்தினியின் வீட்டுக்கு ஓடினாள். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கொலுசு ஏதுடி?"

"ஜேபி டவுன்ல ஒரு நகைக்கடையில வாங்குனேன்."

"ஏன்?"

"எல்லாம் முடிஞ்ச பெறகுதான நாம எப்பவும் போய் நிக்கிறோம். ஒரு தடவ மொதல்லேருந்து பாக்கணும்னு தோணுச்சு." ஷாந்தினி நிமிர்ந்து பார்த்தாள். "நீயும்தான பாத்த? அவரு விழுந்தப்பகூட நீ ஃபோன எறக்கவே இல்லயே."

லோஷினி வாசல் பக்கம் பின்வாங்கினாள். அவள் சொன்னது உண்மை. படம் எடுத்தபோது லோஷினியின் கை அசையக்கூட இல்லை.

அன்றே தன் அம்மா யோகேஸ்வரியிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அம்மா அவளை நேரே காவல் நிலையத்துக்குக் கூட்டிப்போனார். பொழுது சாய்வதற்குள் ஷாந்தினியைப் பிடித்தார்கள். அடித்தவர்களையும் ஒவ்வொருவராகக் கொண்டுவந்தார்கள். வாசுகியைக் கொன்றது யார் என்பது மட்டும் அப்படியே கிடந்தது.

இன்ஸ்பெக்டர் லோஷினியின் கைபேசியை மேசைமேல் வைத்து ஓடவிட்டார். மழை, கூச்சல், பிறகு லெட்சுமணனின் குரல். யோகேஸ்வரி காதைப் பொத்திக்கொண்டார். வாக்குமூலம் எழுதிக்கொண்டிருந்த பெண் போலீஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

லோஷினி மட்டும், தன்னை அறியாமல், நன்றாகத் தெரிவதற்காக நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

அம்மா அதைப் பார்த்துவிட்டார். தன் நாற்காலியை மகளிடமிருந்து தள்ளிப் போட்டுக்கொண்டார்.