விளக்கறைக்காரர் கண்டது

டீச்சருக்குப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம், ஞாயிற்றுக்கிழமை சபையில் வேதபாடம். கணக்கில் ஒரு புள்ளி தவறினாலும் விடமாட்டாள். வேதத்தில் அதைவிடக் கறார். தபால் வழியே எபிரேயம் படித்தவள் என்பதால் பாஸ்டரே சில இடங்களில் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பிரசங்கத்தைத் தொடர்வார்.

சுரங்கத்தை நம்பிப் பிழைக்கிற ஊர் அது. ஆண்களில் முக்கால்வாசிப் பேர் நிலக்கரி வெட்டப் போனார்கள். டீச்சருக்குக் கல்யாணம் ஆகவில்லை. இருந்த ஒரே உறவு தங்கை. தங்கையின் கணவனுக்கு ஊர் வைத்த பெயர் ரேடியோ. வாய் ஓயவே ஓயாது. சாப்பிடும்போதும் பேசுவான், தூக்கத்திலும் பேசுவான். "நிறுத்துற பட்டன் எங்கடி வச்சிருக்க?" என்று டீச்சர் தங்கையைக் கேலி செய்வாள். "தேடிக்கிட்டுதான் இருக்கேன்" என்பாள் தங்கை.

சுரங்க வாசலில், இறங்குகிறவர்களுக்குத் தலைவிளக்கு எடுத்துக் கொடுக்கிற அறை ஒன்று உண்டு. அதைப் பார்த்துக்கொண்டவர்தான் விளக்கறைக்காரர். வாயில்லாப் பூச்சி. அவருக்கு நடுநடுவே சில காட்சிகள் தெரியும். தெரிந்ததைச் சபையில் எழுந்து நின்று இரண்டே வாக்கியத்தில் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார். மூன்றாம் குடைவின் கூரை விழும் என்றார், விழுந்தது. ஆள் இல்லாத நாளாய்ப் போனது பெரும் புண்ணியம். சரக்குக் கிட்டங்கி எரியும் என்றார், எரிந்தது. மேனேஜர் வீட்டில் இரட்டைப் பிள்ளை என்றார், அதுவும் அப்படியே. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான் என்று சிலர் சிரித்தார்கள். மற்றவர்கள் அவரைக் கண்டால் எழுந்து நிற்க ஆரம்பித்தார்கள்.

அப்போது பாஸ்டர் கேட்டுக்கொண்டதால் டீச்சர் அவரைச் சோதித்தாள். மோசேயின் சட்டத்தில் தீர்க்கதரிசிக்கு இரண்டு சோதனைகள் இருக்கின்றன. கடவுளின் பெயரால் ஒருவன் சொன்னது நடக்காவிட்டால் அது கடவுள் சொன்னதல்ல, அவனாகத் துணிந்து சொன்னது. அப்படிப்பட்டவனுக்குச் சாவுதான் தண்டனை. அடுத்த சோதனை இன்னும் கடினமானது. சொன்ன அடையாளம் அச்சுப் பிசகாமல் நடந்தாலும், அதைக் காட்டி வேறு தெய்வத்தின் பின்னால் கூப்பிட்டால் அவன் பேச்சைக் கேட்கக் கூடாது. விளக்கறைக்காரர் சொன்னதெல்லாம் நடந்திருந்தது. எந்தத் தெய்வத்தின் பின்னாலும் அவர் யாரையும் இழுக்கவில்லை. தன் பின்னாலும் இழுக்கவில்லை. கை நீட்டி ஒரு வாய்த் தேநீர்கூட வாங்கியதில்லை. இவர் மெய்யானவர் என்று டீச்சர் சபையில் சொன்னாள். அதோடு ஊர் வாயடைத்துப் போனது.

சுரங்கத்தில் தீப்பிடித்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். மேலே வந்தவர்கள் வந்தார்கள். ஒன்பது பேர் வரவில்லை. அவர்களில் ரேடியோவும் ஒருவன்.

வெளியூரிலிருந்து மீட்புப் படை வந்தது. இறங்கிய வழியிலேயே புகை அடித்துத் திரும்பியது. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் மேனேஜர் வந்து, தீ வாயுவைத் தொட்டால் மொத்தச் சுரங்கமும் வெடிக்கும், வாசல்கள் எல்லாவற்றையும் அடைத்துக் காற்றை நிறுத்தினால்தான் தீ அடங்கும் என்றார். மீட்புப் படைத் தலைவருக்கு அதில் மனம் ஒப்பவில்லை. மேற்குப் பக்கம் பழைய காற்றுவழி ஒன்று இருந்தது. பல வருடமாக யாரும் நடக்காத, ஆள் குனிந்து போகிற வழி. அதில் ஒருமுறை போய்ப் பார்த்துவிடலாம், ஆபத்துதான், ஆனால் என் ஆட்கள் தயார் என்றார் அவர். மேனேஜர் முடியாது என்றார். வாதம் முற்றியபோது செங்கல்லும் மணலும் ஏற்றிய லாரிகள் வந்துவிட்டன. காணாமல் போனவர்களின் மனைவிமார் லாரிகளுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துகொண்டார்கள். அவர்கள் எழுந்தால்தான் லாரி நகரும் என்ற நிலை.

அந்த நேரத்தில்தான் விளக்கறைக்காரர் வந்தார். இரண்டு நாள் சவரம் செய்யாத முகம். ஒன்பது பேரையும் பார்த்தேன், தண்ணீர்ப் பீப்பாய்க்குப் பக்கத்தில் இரண்டு வரிசையாகக் கிடக்கிறார்கள் என்றார். சொல்லிவிட்டு வழக்கம்போல ஒதுங்கிப் போய்விட்டார்.

உட்கார்ந்திருந்த பெண்களில் ஒருத்தி தன் முழங்காலைக் கையால் அறைந்துகொண்டே இருந்தாள். பிறகு எல்லாரும் டீச்சரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

டீச்சர் விளக்கறைக்குப் போனாள். சுவரில் விளக்குகள் வரிசையாகத் தொங்கின. ஒன்பது கொக்கிகள் காலி. அவர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"செத்துட்டாங்கன்னு உங்களுக்குச் சொல்லப்பட்டுச்சா?" என்று கேட்டாள்.

"சொல்லல டீச்சர். காட்டுச்சு, அவ்வளவுதான். கண்ண மூடிப் படுத்திருக்காங்க. ஒருத்தர்கிட்டயும் அசைவு இல்ல."

"தங்கச்சி வீட்டுக்காரர்?"

"ரெண்டாவது வரிசைல ஓரமா." அவர் கொஞ்சம் தயங்கினார். "வாய் மூடியிருந்துச்சு."

டீச்சருக்கு அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. உயிரோடு இருந்தால் அந்த வாய் மூடாது. அவள் வெயிலில் திரும்பி நடந்து வந்தபோது தங்கை எழுந்திருக்காமலேயே அவள் புடவை நுனியைப் பிடித்தாள்.

"அக்கா, நீ சொல்லு. அவர் சொல்றது ஆண்டவர் வார்த்தைதானா? நீ ஆமான்னா நான் எந்திரிக்கிறேன்."

மீட்புப் படைத் தலைவரும் அங்கேதான் நின்றார். தலைக்கவசத்தைக் கையில் வைத்துக்கொண்டு டீச்சரையே பார்த்தார். இன்னொரு ஒன்பது பேர் அந்த வழியில் போய்ச் சாகக் கூடாது என்றும் டீச்சர் அப்போது நினைத்தாள். அது பொய்யில்லை. ஆனால் அதைவிடப் பெரிதாக அவள் மனதில் நின்றது தான் நடத்திய சோதனை. சொன்னதெல்லாம் நடந்திருக்கிறது. விடை சரி.

"ஆமாம்மா. அவர் வார்த்தை இதுவரைக்கும் பொய்யானதில்ல" என்றாள்.

தங்கை எழுந்தாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் எழுந்தார்கள். பொழுது சாய்வதற்குள் வாசல்களெல்லாம் அடைபட்டன, மேற்குக் காற்றுவழி உட்பட. வெளியே அந்த ஒன்பது பேரின் வெறும் சட்டைகளையும் செருப்புகளையும் வைத்துச் சபை ஜெபம் செய்தது. வெடிப்பு எதுவும் நிகழவில்லை. மேனேஜர் வந்து டீச்சருக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

தீ முழுக்க அவிந்து சுரங்கத்தைத் திறக்க ஏழெட்டு மாதம் ஆனது. முதலில் இறங்கியது அதே மீட்புப் படைத் தலைவர். மேலே வந்ததும் மேனேஜர் அறைக்குக் குடும்பத்தாரைக் கூப்பிட்டார். டீச்சர் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு போனாள். தலைவர் உட்காரவுமில்லை, சுற்றி வளைக்கவுமில்லை.

ஒன்பது பேரும் மேற்குக் காற்றுவழியின் உள்முனையில் இருந்தார்கள். தண்ணீர்ப் பீப்பாய் ஒன்றை அவ்வளவு தூரம் உருட்டிக் கொண்டுபோயிருந்தார்கள். புகை வராதபடி பலகைகளை அடித்து இடுக்குகளில் சட்டையைக் கிழித்துச் செருகியிருந்தார்கள். வெளியே போகும் வழியில் மண் சரிந்திருந்தது. அதைக் கையாலும் டப்பா மூடியாலும் தோண்டியிருந்தார்கள். விளக்குகளை மொத்தமாக எரிக்கவில்லை, ஒன்று தீர்ந்த பிறகுதான் இன்னொன்று. இதெல்லாம் ஒன்றிரண்டு நாளில் நடக்கிற காரியமில்லை என்றார் தலைவர். வாசலை அடைத்த அன்றைக்கு அவர்கள் உயிரோடுதான் இருந்தார்கள். காற்று நின்ற பிறகே போயிருக்கிறார்கள்.

"எப்படிக் கெடந்தாங்க?" என்று கேட்டாள் தங்கை.

"ரெண்டு வரிசையாம்மா. பீப்பாய் பக்கத்துல."

தங்கை டீச்சரின் கையிலிருந்து தன் கையை உருவிக்கொண்டாள். திட்டவில்லை, மாரில் அடித்துக்கொள்ளவுமில்லை. "நீ சொன்னேன்னுதான் எந்திரிச்சேன்" என்றாள். அதன்பின் அக்காவோடு அவள் பேசவில்லை. தெருவில் எதிரே வந்தால் அந்தப் பக்கமாகப் போய்விடுவாள். டீச்சர் கொடுத்தனுப்பிய பாத்திரங்கள் மூடி திறக்கப்படாமலே திரும்பி வந்தன.

சபையிலோ வேறு விதமான பேச்சு கிளம்பியது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? இரண்டு வரிசை என்றார், இரண்டு வரிசை. பீப்பாய் என்றார், பீப்பாய். எவ்வளவு பெரிய தீர்க்கதரிசி! அவரை முன்வரிசையில் உட்காரவைத்தார்கள், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்து ஆசி கேட்டார்கள். விளக்கறைக்காரர் கூனிக் குறுகிப் போனார். ஒருநாள் சாயங்காலம் டீச்சர் வீட்டு வாசலில் வந்து நின்று ஒன்றே ஒன்று கேட்டார்.

"நான் பார்த்தது நெசந்தானே டீச்சர்? அப்புறம் ஏன் நான் அதைச் சொன்னதாலயே ஒன்பது பேர் செத்தாங்க?"

அவர் போன பிறகு டீச்சர் எபிரேய வேதத்தை எடுத்து வைத்துக்கொண்டாள். அழுகை வரவில்லை, பசியும் எடுக்கவில்லை. பல வாரம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அதுவே வேலையாக இருந்தாள். கடைசியில் அவளை நிறுத்தியது சிறுபிள்ளைக்கும் தெரிந்த இடம். நாற்பது நாளில் நினிவே கவிழும் என்று யோனா போய்ச் சொன்னான். அரசன் முதல் ஆடு மாடு வரை பட்டினி கிடந்து மனம் திரும்பினார்கள். நகரம் கவிழவில்லை. மோசேயின் சட்டப்படி பார்த்தால் யோனா பொய்யன், சாக வேண்டியவன். ஆனால் அவனை அனுப்பியவர் கடவுள்தான். அந்த இடத்தில் உள்ள எபிரேயச் சொல்லுக்குக் கவிழ்வது என்றும் பொருள் கொள்ளலாம், மாறிப்போவது என்றும் பொருள் கொள்ளலாம். அதையும் அவள் பல வருடம் முன்பே படித்திருந்தாள். ஓரத்தில் பென்சிலால் குறித்தும் வைத்திருந்தாள்.

நல்லது நடக்கும் என்று சொல்கிறவனைத்தான் நடக்கிற வரை காத்திருந்து பார்க்க வேண்டும். கேடு வரும் என்றால் காத்திருக்கவே கூடாது, அதைத் தடுக்க ஓட வேண்டும். விளக்கறைக்காரருக்குக் காட்டப்பட்டது ஓடுவதற்காக. அவள் அதை முடிந்த காரியமாக எடுத்துத் தீர்ப்பு எழுதிவிட்டாள்.

அடுத்த ஞாயிறு சபையில் எழுந்து நின்று அவள் இதையெல்லாம் சொன்னாள். பின்வரிசையிலிருந்து ஒரு கிழவர், சுற்றி வளைக்காதே, அவர் மெய்யா பொய்யா, ஒன்றைச் சொல் என்றார்.

"அவர் பார்த்தது மெய். அவங்க செத்துட்டாங்கன்னு ஆண்டவர் பேரால சொன்னது நான். அது பொய்."

தங்கை எழுந்து வெளியே போனாள். அன்றோடு டீச்சர் வேதபாடம் எடுப்பதை நிறுத்திக்கொண்டாள்.

சுரங்கம் மறுபடி ஓடத் தொடங்கி ஒரு வருடம் போல் இருக்கும். பள்ளிக்கூட இடைவேளையில் விளக்கறைக்காரர் மூச்சிரைக்க வந்தார். கிழக்குக் குடைவில் தண்ணீர், ஆட்கள் மிதக்கிறார்கள் என்றார்.

"எப்போ?" என்றாள் டீச்சர்.

"தெரியல. இந்தத் தடவ நானும் கேட்டேன். சொல்லல."

கையில் ஒட்டிய சாக்பீஸ் தூளைக்கூடத் துடைக்காமல் அவள் ஓடினாள். மதிய ஷிப்ட் ஆட்கள் இறங்கக் கூடியிருந்தார்கள். கூண்டு லிப்டின் கதவுக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். மேனேஜர் கத்தினார். ஆட்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு எரிந்து விழுந்தார்கள். இரண்டு காவலர்கள் அவளைத் தூக்க வந்தபோது கூட்டத்தை விலக்கிக்கொண்டு தங்கை வந்தாள். எதுவும் பேசாமல் அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கதவுக் கம்பியில் கையைக் கோத்துக்கொண்டாள். கணவனைக் குழியில் பறிகொடுத்தவள் மேல் கை வைக்கக் காவலர்களுக்குத் துணிவு வரவில்லை. அவளைத் தொடர்ந்து மற்ற விதவைகளும் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள்.

கிழக்குக் குடைவில் வேலையை நிறுத்தினார்கள். பாறையில் நீளமாகத் துளை போட்டுப் பார்த்தார்கள். தண்ணீர் வரவில்லை, ஈரம்கூட இல்லை. இருந்தாலும் மேனேஜர் அந்தப் பக்கம் வெட்டுவதை விட்டுவிட்டு வடக்கே திரும்பிவிட்டார். இன்றுவரை அங்கே தண்ணீர் வந்ததாகச் சேதி இல்லை.

சொன்னது நடக்கவில்லை. டீச்சர் கற்றுக்கொடுத்த சட்டத்தை வைத்தே சபை அவளுக்குப் பதில் சொன்னது. விளக்கறைக்காரர் பொய்த் தீர்க்கதரிசி என்று முடிவானது. டீச்சர் எவ்வளவோ மன்றாடிப் பார்த்தாள், யோனாவை மறுபடி எடுத்துச் சொன்னாள். நீயே உன்னைப் பொய்யென்று சொன்னவள்தானே என்று வாயை அடைத்துவிட்டார்கள். விளக்கறையில் வேறு ஆளைப் போட்டார்கள். கூலி போன கோபத்தில் யாரோ அவர் வீட்டு ஜன்னலில் கல்லெறிந்தார்கள். ஒரு காலையில் ஒரே ஒரு பையோடு அவர் ஊரைவிட்டுப் போனார். பஸ் நிலையம் வரை டீச்சர் கூடவே நடந்தாள்.

"டீச்சர், நான் பொய்யனா இருந்துட்டுப் போறேன்" என்றார் அவர் பஸ் ஏறுமுன். "அது ஒண்ணும் பாரமா இல்ல."

டீச்சர் திரும்பி வரும்போது இரவு ஷிப்ட் முடிந்து ஆட்கள் கரி படிந்த முகத்தோடு எதிரே வந்துகொண்டிருந்தார்கள். அவளைப் பார்த்து ஒருவன் ஏதோ கேலியாகச் சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். அவள் ஓரமாக நின்று அவர்கள் எல்லாரும் கடந்து போகும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தங்கை வீட்டு வழியாகப் போனாள். தங்கை வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அக்காவைப் பார்த்தாள். உள்ளே போகவில்லை. பேசவும் இல்லை.