கூலியில்லாமல் தூக்குகிறவன்

1

இந்தக் கதை முடிவெட்டும் கடைச் சுவரில் கிடைத்தது. அங்கே ஒரு வெள்ளைக்காரன் படம். அரையில் துண்டுத் துணி, தலைக்கு மேலே இரும்புக் குண்டு. எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஆள் கடைக்காரரைக் கேட்டான்:

"இதுக்கு என்ன கூலிண்ணே?"

"கூலி இல்ல. சும்மா தூக்குறான்."

"தூக்கி எங்க கொண்டுபோய் வைப்பான்?"

"அங்கேயே கீழ வைப்பான்."

கேட்டவன் தன் தோளைத் தடவிக்கொண்டான். அதை எழுதலாம் என்று தோன்றியது.

2

முதல் தொடக்கம்: "பினாங்குத் துறைமுகத்தில் சூரியன் பொன்னிறமாக..." (விட்டுவிட்டேன். நானும் அங்கே மூட்டை தூக்குகிறவன். சூரியன் உதிக்கும்போது என் தலை அரிசி மூட்டைக்குக் கீழே இருக்கும். நிறம் தெரியாது.)

இரண்டாம் தொடக்கம்: "மூட்டைத் தொழிலாளி செபாஸ்டியன் வீட்டில் பளு தூக்கினான்." (பளு: ளவா, ழவா, லவா? பிந்திப் படித்தவனுக்கு மூன்றும் ஒரே கனம்தான்.)

இதை வைத்துக்கொண்டேன். ஆனால் அவனை நம்ப முடியவில்லை. பகலெல்லாம் தூக்குகிறவன் வீட்டுக்கு வந்தும் எதற்குத் தூக்குவான்? ஆகவே அவனுக்கு மலேரியாக் காய்ச்சல் கொடுத்தேன். எழுதுகிறவனுக்கு இது சுலபம், ஒரு வரி போதும். எலும்பும் தோலுமாக எழுந்து வேலைக்குப் போனவனிடம் மண்டோர், அதாவது கூலிகளை மேய்க்கிறவன் (பெயர்தான் வெள்ளையன், ஆள் நம்மவன்), சொன்னான்:

"திங்கட்கிழம தொங்காங் படகுலேர்ந்து ஒரு மூட்டையப் பலக வழியா கரைக்குக் கொண்டா. முடிஞ்சா வேல. இல்லாட்டி கப்பல் லா."

கப்பல் என்றால் நாகப்பட்டினம். வேலையற்றவர்களைச் சர்க்கார் திருப்பி அனுப்புகிற காலம். செபாஸ்டியன் அங்கிருந்து வந்தவன்தான். அவன் மனைவி அமலம்மாள் இங்கேயே, சுங்கை பினாங்கில் பிறந்தவள். நாகப்பட்டினத்தில் அவளுக்குத் தெரிந்தது அந்தப் பெயர் மட்டும்.

3

இரும்புக் குண்டுக்கு வழியில்லை. மண்ணெண்ணெய்த் தகரம் இரண்டு, ஆற்று மணல், நடுவே ஒரு மூங்கில். கைக்குத் தனியாக, உடைந்த படகிலிருந்து எடுத்த கப்பியைக் கூரை விட்டத்தில் கட்டி, கயிற்றின் மறுமுனையில் ஒரு மணல் மூட்டை.

"அரிசித் தகரத்த ஏன் எடுக்குறீங்க?"

"மணல் போட."

"அரிசிய?"

"சட்டியில கொட்டு. சட்டி கொள்ற அளவுதானே இருக்கு."

கொட்டினாள். கொண்டது.

ஒவ்வொரு சாயங்காலமும் அமலம்மாள் ஒரு கொட்டாங்கச்சி மணல் கூட்டினாள். அவன் கை நடுங்கினால் கூட்டமாட்டாள். "இன்னிக்கு இல்ல" என்பாள், இரண்டாம் சோறு மறுப்பதுபோல.

(இங்கே வாழ்க்கையின் பாரம் பற்றி ஒரு வரி இருந்தது. அடித்துவிட்டேன். மணல் மணலாகவே இருக்கட்டும்.)

4

அந்தக் கயிற்றுக்கு வீட்டில் 'தூக்கு' என்று பெயர் வந்துவிட்டது. ஞாயிறு காலை பூசை முடிந்து வந்த பிறகு, பக்கத்து வீட்டு நூர் பீவி வேலிக்கு அப்பாலிருந்து கேட்டாள்:

"அமலம், வீட்டுக்காரரு எங்க?"

"உள்ள தூக்கு மாட்டிக்கிட்டிருக்காரு," என்றாள் அமலம்மாள், துணியைப் பிழிந்துகொண்டே.

நூர் பீவி போட்ட கூச்சலில் சந்தே ஓடிவந்தது. கதவை உடைத்தார்கள். கதவு திறந்துதான் இருந்தது, இருந்தாலும் உடைத்தார்கள். கயிற்றை இழுத்துக்கொண்டு நின்ற செபாஸ்டியனின் காலைப் பிடித்து இரண்டு பேர் மேலே தூக்கினார்கள்.

"எறக்குங்கடா! கிலாவா புடிச்சிருக்கு, பைத்தியமா? கயிறு கையிலடா இருக்கு, கழுத்துல இல்ல!"

நூர் பீவிக்கு ஆத்திரம் தீரவில்லை. "புருசன் தொங்குறான்னு துணி புழிஞ்சிக்கிட்டே சொல்றவள இப்பதான்டி பாக்குறேன்!"

செய்தி மண்டோருக்கும் போனது. அவனே வந்தான்.

"சாகத் துணிஞ்சவன என் பலகையில ஏத்தமாட்டேன். கடல்ல குதிச்சா யாரு பதில் சொல்றது?"

"அண்ணே, அது தேகப் பயிற்சிண்ணே," என்றான் செபாஸ்டியன்.

"அப்பிடியா? அப்ப நாளைக்கு எதுக்கு? இன்னிக்கும் தொங்காங் நிக்குது. இப்பவே வா."

"இன்னும் ஒரு கொட்டாங்கச்சி போடணும்ண்ணே," என்றாள் அமலம்மாள்.

மண்டோருக்குப் புரியவில்லை. செபாஸ்டியன் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

5

ஒரு முடிவு: கரை சேர்கிறான், கூலிகள் கூவுகிறார்கள். ஆனால் அடுத்த மூட்டையையும் எழுத வேண்டிவரும். அதற்குப் பின்னால் ஒரு படகு நிறைய இருக்கிறது.

மற்றொரு முடிவு: விழுகிறான். பிறகு அமலம்மாளைக் கப்பலேற்ற வேண்டியவன் நான். என் கை

(வாக்கியம் அங்கேயே நிற்கட்டும்.)

மண்டோர் மனமிரங்குவதாகவும் எழுதிப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த மண்டோர்களை நினைத்ததும் கிழித்துவிட்டேன்.

ஆகவே முடிவை உங்களிடம் விடுகிறேன். செபாஸ்டியன் பலகையின் நடுவில் நிற்கிறான். பலகை வளைகிறது. நன்றாக யோசித்தே சொல்லுங்கள். ஆனால் நீங்கள் யோசிக்கிற நேரமெல்லாம் மூட்டை அவன் முதுகில்தான் இருக்கிறது.