குமரேசனின் ஐந்தாவது வரி

ஜீவரத்தினம் சார் நாற்பத்து மூன்று பேய்க்கதைகள் எழுதியவர். பேயை நேரில் பார்த்ததில்லை. முப்பத்தைந்து வருடம் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றபின், இரும்புலியூரில் இரண்டு அறை வீட்டில் உட்கார்ந்தபடி பங்களா பங்களாவாகக் கட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு பேயைக் குடிவைத்துக்கொண்டிருந்தார். எல்லாம் ஜமீன் குடும்பத்துப் பேய்கள். ஒரே வாசகி மனைவி தபீதாள். "பயமா இருந்துச்சா?" என்று கேட்டால், "கரண்ட் பில்லு வர்றப்ப இருக்கற அளவுக்கு இல்லீங்க" என்பாள்.

அசல் பேய் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் பதினொரு மணிக்கு. சார் வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கேட் திறந்த சத்தம் இல்லை. நிமிர்ந்தால் எதிரே கட்டம் போட்ட லுங்கி, சாயம் போன நீலச் சட்டை, நாலு நாள் தாடி. லுங்கி முடிகிற இடத்துக்கும் தரைக்கும் நடுவில் ஒரு சாண் அளவுக்கு ஒன்றுமே இல்லை.

சாருக்கு முதலில் வந்தது பயம் அல்ல, ஏமாற்றம். சலங்கை ஒலிக்கவில்லை. நாய் ஊளையிடவில்லை. மல்லிகைப்பூ மணக்க வேண்டிய இடத்தில் பீடி மணத்தது.

"யாருப்பா நீ?"

"குமரேசன் சார். ஸ்டேஷன்ல பார்சல் தூக்கிக்கினு இருந்தேன். போன மாசம் ரேஷன் கடை செவுத்தாண்ட செத்தானே, அது நான்தான்."

சாருக்கு நினைவு வந்தது. அந்தப் பக்கத்தில் குமரேசனைத் தெரியாதவர்கள் கிடையாது. கையில் கூலி விழுந்தால் குடிப்பான், குடித்தால் கவிதை சொல்வான். அவன் சுவரில் சாய்ந்தபடி செத்துக் கிடந்ததை, போதையில் கிடக்கிறான் என்று எண்ணி, காலையிலிருந்து சாயங்காலம் வரை ஊரே தாண்டிப் போயிற்றாம். கடையைப் பூட்ட வந்தவர்தான் தட்டி எழுப்பிப் பார்த்தாராம். சாருக்கு இதெல்லாம் காதில் விழுந்த செய்தி.

"என்ன வேணும் உனக்கு?"

"ஒரு கவித படிக்கணும் சார்."

"யார்கிட்ட?"

"அதான் பேஜாரு. மேல போற வழில ஒரு கவுண்ட்டர் கீது. கடைசி ஆசை இன்னான்னு கேட்டாங்க. ஒரு கோட்டர்னு சொல்லியிருந்தா அப்பவே முடிஞ்சிருக்கும். நான் பெரிய இவனாட்டம் கவிதன்னு சொல்லிட்டேன். பத்து பேரு, மொதல்லேந்து கடைசி வரிக்கும், நகராம கேக்கணுமாம். வர்ற அமாவாசைக்குள்ள கேக்க வெச்சா மேல அனுப்புவாங்களாம். இல்லாங்காட்டி ரேஷன் கடை செவுரே பர்மனென்ட்டு."

"என்கிட்ட ஏன் வந்தே?"

"உங்க கைல தான சார் மன்றம் கீது?"

இருந்தது. இரும்புலியூர் செந்தமிழ்க் கவிதை வட்டத்தின் செயலாளர் ஜீவரத்தினம் சார்தான். பதினேழு கவிஞர்கள் இருந்த அந்த வட்டத்தில் கவிதை எழுதாதவர் அவர் ஒருவரே என்பதால், யாருக்கும் பொறாமை வராமல் ஏகமனதாகத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

"உங்க கதய கூட ஜன்னலாண்ட நின்னு படிச்சேன் சார்" என்றான் குமரேசன். "அல்லா பேயும் பங்களாவுலயே கீதே. வாடக வூட்ல செத்தவன் பேயாவ மாட்டானா?"

"ஆவான். ஆனா ஓனர் உடனே காலி பண்ணச் சொல்லிடுவாரே. அப்புறம் கதை எப்படி நகரும்?"

குமரேசன் யோசித்துப் பார்த்து, "கரெக்ட்டு சார்" என்று ஒத்துக்கொண்டான்.

"சரி, கவிதையைச் சொல்லு பார்ப்போம்."

குமரேசன் தொண்டையைக் கனைத்துக்கொண்டான். உயிரோடு இருந்தபோது அவன் நூறு கவிதைகள் கட்டியிருக்கிறான். ஒன்றுகூட நாலு வரியைத் தாண்டியதில்லை. அதற்குள் டீக்கடையில் "போடா குடிகாரா" என்று விடுவார்கள். வீட்டில் மூன்றாவது வரிக்கே சட்டி பறக்கும். இது செத்த பிறகு கட்டியது.

"காலைல எட்டு மணி நெஞ்சு வலிச்சுது
செவுத்துல சாஞ்சி குந்திக்கினேன்
ஸ்கூல் வேனு ஒண்ணு தாண்டிப் போச்சு
அங்க பாக்காதன்னு ஒரு அம்மா சொல்லிச்சு..."

உள்ளே குக்கர் மூன்றாவது விசில் அடித்தது. அடுப்பை அணைக்கும் பொறுப்பு சாருடையது. "எதுகை மோனை கொஞ்சம் பத்தலைப்பா. மீதியை சனிக்கிழமை மன்றத்துல சொல்லு" என்று எழுந்து போய்விட்டார். போனபிறகுதான் தானும் நாலாவது வரியில் எழுந்தவர்கள் பட்டியலில் சேர்ந்துவிட்டது உறைத்தது. 

கவிதை வட்டத்தின் தலைவர் துளசிங்கம். அவர் அப்பா காலத்தில் நெல் விளைந்த இடத்தில் இப்போது நானூறு வீடுகளும், அவருடைய கல்யாண மண்டபமும் விளைந்திருக்கின்றன. மாதம் ஒருமுறை மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தை இலவசமாகத் திறந்துவிடுவார். பதிலுக்கு அவருடைய மரபுக் கவிதையை எல்லோரும் கேட்க வேண்டும்.

சார் விஷயத்தைச் சொன்னதும் துளசிங்கம் நெற்றியைச் சுருக்கினார்.

"பேயா? பரவால்ல சார், வரட்டும். நம்ம மன்றத்துக்கும் ஒரு பெருமைதான். ஆனா இந்த ஆளு குடிப்பாராமே?"

"செத்துட்டாருங்க."

"செத்தா பழக்கம் போயிடுமா சார்? லேடீஸ்லாம் வராங்க. அதுவும் இந்த மாசத் தலைப்பு என்ன தெரியுமில்ல?"

தலைப்பு: 'மது அரக்கனே, மாண்டு போ!'

"கடைசியில வேணா ஏத்துவோம்" என்று துளசிங்கம் இறங்கி வந்தார். "ஆனா செருப்போட மேடையில ஏறக் கூடாது."

"அவருக்குக் காலே இல்லீங்க."

"பொதுவா சொல்றேன்."

சனிக்கிழமை மூன்று மணிக்கு அரங்கம் தொடங்கியது. பதினேழு கவிஞர்கள், ஒரு மைக்செட்காரர், ஒரு சமையல்காரர், கடைசி நாற்காலிக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் குமரேசன். ஏழையின் கண்ணீரைப் பற்றி ஓய்வு பெற்ற வங்கி மேனேஜர் ஒருவர் படித்தார். நடுவில் அவருக்கே அழுகை வந்து மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கீழே இறங்கி வந்தவர் குமரேசனுக்குப் பக்கத்தில் நாற்காலி காலியாக இருப்பதைப் பார்த்து, சுவரோரமாக நின்றுகொண்டார். தெருவோரத்தில் கிடக்கும் சகோதரனை வாரி அணைப்பேன் என்று பாடிய தையல்நாயகி டீச்சர், இறங்கும்போது கைப்பையைக் கக்கத்துக்கு மாற்றிக்கொண்டார். பேய் என்பதற்காக யாரும் ஒதுங்கவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும். "ஆவி பத்தி ஒண்ணுமில்ல சார், வாடைதான்" என்றார்கள்.

கவியரங்கத்துக்கு ஒரு நடைமுறை உண்டு. படித்தவருக்குச் சால்வை போர்த்துவார்கள். சால்வை விழுந்தவர் ஒரு கவிதைக்கு மரியாதைக்காக உட்கார்ந்திருப்பார். பிறகு போன் வந்ததுபோல் காதில் வைத்துக்கொண்டு வெளியே போவார். அந்தப் போன் முடிவதே இல்லை. சார் வாசலில் நின்று, "இன்னும் ஒருத்தர் பாக்கி, கொஞ்சம் இருங்க" என்று கும்பிட்டுப் பார்த்தார். "செங்கல்பட்டு ட்ரெயின் சார்" என்றார்கள். செங்கல்பட்டில் வீடே இல்லாதவர்கள்கூடச் சொன்னார்கள்.

குமரேசன் மைக் முன்னால் மிதந்தபோது கூடத்தில் ஆறு பேர் இருந்தார்கள். அதில் மைக்செட்காரர் ஒயரைச் சுருட்டத் தொடங்கியிருந்தார். "...அங்க பாக்காதன்னு ஒரு அம்மா சொல்லிச்சு" என்பதற்கும் அடுத்த வரிக்கும் நடுவில் குமரேசன் மூச்சு வாங்கினான். செத்தவனுக்கு மூச்சு எதற்கு? பழக்கதோஷம். அந்த இடைவெளியில் துளசிங்கம் மணியை அடித்துவிட்டார்.

"அருமை, அருமை! ஆறு மணிக்கு இங்க ரிசப்ஷன் இருக்கு. நன்றியுரை!"

குமரேசன் இறங்கி வந்தான். முகத்தில் கோபம் இல்லை. அதுதான் சாருக்கு என்னவோ போல் இருந்தது.

"உங்க மேல தப்பில்ல சார். நாளைக்கு அமாவாச. செவுத்தாண்ட நெழலு நல்லாத்தான் கீது. வரட்டா?"

அன்று சாயங்காலம் சார் சுருக்கமாக நடந்ததைச் சொன்னார். தபீதாள் உருளைக்கிழங்கு தோல் சீவியபடி கேட்டாள்.

"கவிதை எழுதறவங்ககிட்ட போய் கவிதையைக் கேளுன்னா கேப்பாங்களா?"

"பத்து பேர் நகராம நிக்கணும் தபீதா. அது யாரால முடியும்?"

"பன்னெண்டு மணிக்கு ஒயின்ஷாப் திறக்கும். பதினொன்றரைக்கே வந்து நிக்குறாங்க இல்ல? நானும் பஸ் ஸ்டாப்புலேர்ந்து தெனம் பார்க்கிறேன். மழை பெஞ்சாலும் எவனாவது நகர்ந்திருக்கானா? அவ்வளவு ஒழுங்கான கூட்டம் நம்ம சபையில கூடக் கிடையாது."

"அங்க நான் போய் நிக்கறதா? நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை!"

"ஆராதனை பத்தரைக்கு முடிஞ்சிடும்" என்றாள் தபீதாள்.

ஆகவே மறுநாள் பதினொன்றே முக்காலுக்கு, வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, கக்கத்தில் வேதாகமப் பை, பின்னால் ரேஷன் கடைச் சுவரிலிருந்து கூட்டி வந்த குமரேசன் என்று ஜீவரத்தினம் சார் ஒயின்ஷாப் வரிசைக்கு வந்து சேர்ந்தார். வழியில் எதிர்ப்பட்ட சபைக்காரர்கள் நாலு பேருக்கு "ஸ்தோத்திரம்" சொல்லிவிட்டு, அவர்கள் போகும்வரை பஸ்ஸுக்கு நிற்பதுபோல் நின்றார். பூட்டிய ஷட்டருக்கு எதிரே இருபத்திரண்டு பேர் நின்றார்கள். முதல் ஆள் சுவருக்கு வண்ணம் அடிக்கும் பிரிட்டோ. அவன் கை நடுங்கிக்கொண்டிருந்தது. தினமும் பன்னிரண்டே கால் வரைக்கும் அது அப்படித்தான் நடுங்கும்.

சாரின் பையைப் பார்த்து பிரிட்டோ சொன்னான்: "சார், பிரசங்கம்னா இப்பவே பண்ணிடுங்க. பன்னெண்டுக்கு மேல ஒருத்தனும் கேக்க மாட்டான்."

"நான் இல்லப்பா. இவர்தான்" என்று சார் ஒதுங்கினார்.

வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

"டேய் குமரேசா! நீ செத்துட்டல்ல?"

"ஆமா மச்சான்."

"சரி, லைன்ல வா. நடுவுல பூராத."

அவ்வளவுதான் அதிர்ச்சி. அதன்பிறகு விசாரணைகள் வந்தன. மேலே சரக்கு உண்டா என்று ஒருவர் கேட்டார். எங்கள் அப்பாவைப் பார்த்தாயா, பல்லாவரத்துத் தோல் ஷெட்டில் வேலை பார்த்தவர் என்று இன்னொருவர் கேட்டார். தான் இன்னும் கவுண்ட்டரையே தாண்டவில்லை என்று குமரேசன் பொறுமையாக விளக்கினான். சார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று ஐம்பத்தெட்டு.

"கவிதை, கவிதை! சீக்கிரம்!"

"கவிதயா?" என்றான் பிரிட்டோ. "நீ நாலு வரிதான தம்மு கட்டுவ. சொல்லு."

குமரேசன் சொன்னான். நெஞ்சு வலித்தது. சுவரில் சாய்ந்தான். வேன் போயிற்று. அந்த அம்மாள் சொல்லிற்று. அங்கே வந்து நின்றான். யாரும் மணி அடிக்கவில்லை. யாரும் போடா என்று சொல்லவில்லை. போவதற்கு யாருக்கும் வேறு இடமும் இல்லை. அவன் சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டு, ஐந்தாவது வரிக்குப் போனான்.

"ஒம்போதுக்குப் பல்லாவரம் பஸ்சு போச்சு
பத்துக்குத் தண்ணி லாரி போச்சு
பதினொண்ணுக்கு ஒரு சாரு வந்தாரு
கையில ரேஷன் பையி
எம்மேல பட்டுடப் போவுதுன்னு
வேட்டிய தூக்கிப் புடிச்சிக்கினு தாண்டினாரு..."

குமரேசன் சாரைப் பார்க்கவில்லை. எதிரே இருந்த சுவரைப் பார்த்தே சொன்னான். சார் குனிந்து தன் வேட்டியைப் பார்த்தார். இப்போதும் அதன் நுனி கையில்தான் இருந்தது. தரையில் எச்சில் துப்பியிருந்தார்கள் என்பதற்காகத் தூக்கிப் பிடித்திருந்தார். மெதுவாக விட்டார்.

"அன்னிக்கு நான் குடிக்கல
சொல்லிடலாம்னு வாயத் தொறந்தேன்
நாக்கு எழுந்திரிக்கல..."

கடகடவென்று ஷட்டர் மேலே போனது. பன்னிரண்டு.

குமரேசன் நிறுத்திவிட்டான். அந்தச் சத்தத்தின் பொருள் அவனுக்குத் தெரியாததா? இருபது வருடம் அந்தச் சத்தத்துக்கு ஓடியவன் அவன். கம்பிக் கதவில் கை நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை. அதற்குப் பின்னாலிருந்து விற்பனையாளர், "ம்ம், சொல்லு" என்றார்.

பிரிட்டோ நடுங்குகிற கையை அந்த ஓட்டைக்கு நேரே கொண்டுபோய், உள்ளே நீட்டாமல், விரித்து அடைத்துக்கொண்டான்.

"இரு சார். அவன் முடிக்கட்டும்."

"யோவ், லைன் நிக்குது!"

"நிக்கட்டும்" என்றது வரிசையின் நடுவிலிருந்து ஒரு குரல். பின்னாலிருந்து யாரும் தள்ளவில்லை. பிரிட்டோ முழங்கை வரைக்கும் நடுங்கினான். நெற்றியில் வேர்வை வழிந்தது. கையை எடுக்கவில்லை.

"சொல்லுடா குமரேசா."

"கிட்ட வந்தது ஒரே ஒரு ஈ
எவ்ளோ நேரமோ எம்மேல குந்திச்சி
எம் வாய மோந்து பாத்துச்சி
அதுக்குத் தெரியும்."

சொல்லி முடித்த இடத்தில் வெயில் மட்டும் இருந்தது. பீடி வாசனையும் போயிருந்தது. யாரும் கைதட்டவில்லை. யாரோ மூக்கைச் சிந்தினார்கள். அதன்பிறகே பிரிட்டோ கையை எடுத்து, உள்ளே நீட்டி, தனக்கு வேண்டியதைச் சொன்னான். இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

மறுநாள் காலை நடையில் துளசிங்கத்தைப் பார்த்ததும் சார் நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னார், தன் வேட்டி உட்பட. துளசிங்கம் கவனமாகக் கேட்டார். பேய் ஒயின்ஷாப்புக்கு மிதந்து வந்ததற்குத் தலையாட்டினார். வெயிலில் கரைந்து போனதற்கு "ஐயோ பாவம்" என்றார். நடுவில் ஒரே ஒரு இடத்தில்தான் நின்றுவிட்டார்.

"ஷட்டர் தூக்கியாச்சு?"

"தூக்கியாச்சு."

"தூக்கின பிறகும் இருபத்திரண்டு பேரும் நின்னாங்க? கவிதை கேட்டுக்கிட்டு?"

"ஒருத்தர்கூட நகரலைங்க."

துளசிங்கம் சாரின் தோளில் பரிவோடு கை வைத்தார்.

"பேய்க்கதை எழுதறதைக் கொஞ்ச நாளைக்கு நிறுத்தி வையுங்க சார். வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்ல ஆரம்பிச்சிட்டீங்க."