அணைத்து வையுங்கள்

ஸாரிச்னே பேட்டை லைனுக்கு மின்சாரம் கொடுத்தேன். மூச்சு விடுவதற்குள் விழுந்துவிட்டது. திரையில் பச்சையாக இருந்த கோடு சிவப்பாகி நின்றது. மத்தியானத்திலிருந்து இது இரண்டாவது தடவை. "நாசமாப் போங்க எல்லாரும்" என்று வாய்விட்டே சொன்னேன். கட்டுப்பாட்டு அறையில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அன்றைக்கு எல்லோருமே யாரையாவது திட்டிக்கொண்டுதான் இருந்தோம்.

எங்கள் வட்டாரத்துக்கே சோறு போட்ட அனல்மின் நிலையம் வசந்தத்தில் ஏவுகணைகளுக்குப் பலியானது. ஒரு டர்பைன்கூட மிஞ்சவில்லை. அதற்குப் பிறகு எங்கள் பிழைப்பு, இருக்கிற ஒற்றைப் போர்வையை நாலு பேருக்கு மாற்றி மாற்றி இழுத்துப் போர்த்துவதுதான். ஒரு பேட்டையை அணைத்து இன்னொரு பேட்டையை எரியவிடுவோம். எங்களைச் சபிக்காத வாய் இந்த ஊரில் இல்லை. ஆனால் எங்கள் சனம் லேசுப்பட்டதா? கரண்ட் போனால் எதையும் அணைக்க மாட்டார்கள். ஹீட்டர், கெட்டில், அடுப்பு, சலவை இயந்திரம் எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டுக் காத்திருப்பார்கள். வருகிற கரண்டில் ஒரு நொடிகூட வீணாகிவிடக் கூடாதாம். குளிரில் விறைத்த வீடுகள் அத்தனையும் ஒன்றாக வாயைப் பிளந்தால் எந்த லைன் தாங்கும்? அணைத்து வையுங்கள், அணைத்து வையுங்கள் என்று டெலிகிராம் குழுவில் கெஞ்சிக் கெஞ்சி விரல் தேய்ந்துபோனது. ஊரே அணைக்கும்போது நம் ஒரு வீட்டு ஹீட்டரால் என்ன வந்துவிடப் போகிறது என்று ஒவ்வொரு வீடும் நினைக்கும்.

மற்ற நாளாக இருந்தால் கிடக்கட்டும் என்று விட்டிருப்பேன். அன்றைக்கு வெளியே உறைபனி எலும்பைக் கடித்தது. வீடுகளுக்கெல்லாம் குழாய் வழியே வெந்நீர் அனுப்பிச் சூடேற்றும் ஸாரிச்னேயின் கொதிகலன் கூடமும் அதே லைனில்தான் தொங்குகிறது. அதன் ஜெனரேட்டர் போன வாரமே செத்துவிட்டது. லைனைப் பிரித்துக் கூடத்துக்கு மட்டும் கரண்ட் கொடுக்கத் தெரிந்த ஆட்கள் எல்லோரும் நகரத்தின் மறுகோடியில், குண்டு விழுந்து எரிந்த துணைமின் நிலையத்தைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். பம்ப் ஓடாவிட்டால் குழாய்களில் தண்ணீர் நின்று உறையும், வீட்டுக்கு வீடு வெடிக்கும். அப்புறம் பேட்டைக்கு இந்தக் குளிர்காலம் முழுக்கச் சூடு கிடையாது, காலி செய்துகொண்டு போக வேண்டியதுதான். அந்தப் பேட்டையில்தான் என் வீடும். வீட்டில் என் புருஷன் ஓஸ்தாப்.

கொதிகலன் கூடத்து மிரோன் போனில் அழாத குறை. "ராயிசா ஸ்தெபானிவ்னா, குழாய் ஆறிக்கிட்டே வருது. இருட்டுறதுக்குள்ள பம்ப் ஓடலைன்னா நான் முழுத் தண்ணியையும் வடிச்சாகணும். வடிச்சா இந்த வருஷம் திரும்ப நிரப்ப முடியாது. சொல்லிட்டேன்."

வைத்துவிட்டு வீட்டுக்கு அடித்தேன்.

"ஓஸ்தாப், என்னென்ன சுவிட்ச் போட்டு வச்சிருக்க?"

"ஹீட்டரு."

"அப்புறம்?"

"கெட்டிலு. அப்புறம்... அந்த இன்னொரு ஹீட்டரும்."

"டர்பைன்காரன்யா நீ! உனக்குமா தெரியாது?"

"தெரியும் ராயா. குளிருது."

அந்த அனல்மின் நிலையத்திலேயே தலை நரைத்தவன் அவன். அது எரிந்த நாளிலிருந்து வாசற்படி தாண்டியதில்லை, என்னிடமே நாலு வார்த்தைக்கு மேல் பேசியதில்லை. அவனைப் போய் வெளியே தள்ளுகிறோமே என்றிருந்தது. இருந்தாலும் சொன்னேன். கதவு கதவாகப் போ, நின்று அணைக்க வை, போனை வைக்காதே.

லிஃப்ட் செத்த கட்டடத்தில் அவன் மூச்சிரைப்பு என் காதுக்குள் ஏறி ஏறி வந்தது. மேல்மாடிக்காரி க்லாவாவின் குரல்: "நீ யாருய்யா, ஜனாதிபதியா? கீழ் வீட்டுக்காரி அணைக்கட்டும், நான் அணைக்கிறேன்!"

"அவ அணைச்சாச்சு. நின்னு பாத்துட்டுதான் வர்றேன். உன் அடுப்பப் பிடுங்கு."

"அடேயப்பா, ஊமைக்கு வாய் வந்துடுச்சு!"

யாரோ சிரித்தார்கள். அவனும் சிரித்தான். வசந்தத்துக்குப் பிறகு நான் கேட்ட முதல் சிரிப்பு அது. அப்புறம் முற்றத்தில் அவன் கத்துவது கேட்டது. அடுத்த கட்டடத்துக்கு க்லாவாவே ஓடினாளாம், மூன்றாவதற்கு இன்னொருவன், இப்படியே பேட்டை முழுக்க.

மூன்றாம் தடவை கொடுத்தேன். சுமை விறுவிறுவென்று ஏறியது. கோடு துடித்தது. நின்றது! போனில் படிக்கட்டு முழுக்கக் கைதட்டல். மேசை போனில் மிரோன், "பம்ப் ஓடுது, ஓடுது தாயே!" என்று கத்தினான். நான் மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதேன். வெட்கமே படவில்லை.

அப்போதுதான் தலைநகரத்துத் தேசியக் கட்டுப்பாட்டு மையத்தின் போன் மணி அடித்தது. அங்கிருந்து பேசுகிறவள் சின்னப் பெண், எப்போதும் மரியாதையாகப் பேசுவாள். எங்கோ மேற்கே இன்னொரு நிலையத்தில் குண்டு விழுந்திருக்கிறது, நாடு முழுக்க மின்சாரத்தின் அதிர்வெண் சரிகிறது, உடனே சுமையைக் குறைக்க வேண்டும். எங்கள் பங்கைச் சொன்னாள். திரையைப் பார்த்தேன். மிச்சமிருந்தவை இரண்டு ஆஸ்பத்திரி, குடிநீர் நிலையம், ஸாரிச்னே. குறைக்காமல் விட்டால் மொத்த நாடும் இருண்டுபோகும், ஆஸ்பத்திரியும் சேர்ந்து.

"கொஞ்ச நேரம் குடும்மா. தண்ணி சுத்த ஆரம்பிச்சா போதும்."

"முடியாதுங்க. திருப்பிச் சொல்லுங்க."

கட்டளையைத் திருப்பிச் சொல்லித்தான் செய்ய வேண்டும். அது எங்கள் விதி. கைபேசி மேசைமேல் திறந்தே கிடந்தது. அதில் அவர்கள் இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். "கட்டளை புரிந்தது. ஸாரிச்னேயை அணைக்கிறேன்" என்றேன். அணைத்தேன்.

கைதட்டல் நின்றது.

"ராயா?" என்றான் ஓஸ்தாப். "திரும்ப விழுந்துடுச்சா? யாரோ போட்டுட்டானா? இரு, நான் போய்ப் பார்க்கறேன்."

"யாரும் போடல. எல்லாரும் சரியாத்தான் செஞ்சீங்க. நான்தான் அணைச்சேன்."

மிரோன் கூப்பிட்டுக் கேட்டது ஒன்றுதான்: இருட்டுவதற்குள் வருமா? வரும் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லியிருந்தால் காத்திருப்பான், குழாயெல்லாம் வெடித்திருக்கும். "வராது. வடிச்சிடு மிரோன்" என்றேன். அவன் போனை வைத்துவிட்டான்.

இருள் கவியும் நேரத்தில் ஓஸ்தாப் அவனாகவே கூப்பிட்டான். பின்னால் தண்ணீர் கொட்டுகிற சத்தம்.

"குழாய்த் தண்ணியத் தெருவிலேயே தெறந்து விட்டுட்டாங்க. ஒரே ஆவி. பேட்டையே சுத்தி நின்னு குளிர் காயுது. க்லாவா செருப்பக் கழட்டிட்டு உள்ளயே எறங்கிட்டா."

"நீ?"

"நானும்தான் நிக்கறேன். இன்னும் கொஞ்சம் சூடு இருக்கு ராயா."