மேற்கு வாயில் காவலன்

…திறந்து கிடந்தது என்று எவன் பார்த்தான், சாட்சி யார், அதைத்தான் கேட்கிறேன், முதல் வீடியோ ஆட்டத்தில் அந்த மேற்கு வாயில் கடைசிவரை மூடித்தானே இருந்தது, காவலன் கார்தோ அதன் முன்னால் விறைப்பாக நின்றானே, கோட்டை விழுந்த அன்று காவலிலேயே உயிரை விட்டான் என்றுதானே அந்த ஆட்டத்து ஊர் முழுக்கப் பேச்சு, இப்போது இரண்டாம் ஆட்டம் வந்து, வாயில் திறந்து கிடந்ததாம், காவலனைக் காணவில்லையாம்... இதை என் தம்பி யசுஹிகோவா எழுதியிருப்பான்? நம்ப முடியவில்லை. அவன் போய் இன்றோடு ஒரு வருடம், அடுத்த அறையில் அவன் படத்துக்கு முன்னால் ஊதுபத்தி புகைகிறது, இன்னும் சற்று நேரத்தில் பிக்கு வந்துவிடுவார், சொந்தக்காரர்கள் வந்துவிடுவார்கள், கூடவே அந்தக் கம்பெனியிலிருந்து ஒரிதோ என்ற பெண்மணியும் வருகிறாள். தம்பி பாதியில் விட்டுப்போன இரண்டாம் ஆட்டத்தின் கதையை முடித்தவள் அவள்தான். அதை அவன் படத்துக்கு முன்னால் வைக்க அனுமதி கேட்டிருக்கிறாள், குடும்பத்துக்கு மூத்தவன் நான், நான் சரி என்றால்தான் வைக்க முடியும். விளையாடிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன், பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன், குடும்பச் சின்னம் பதித்த கறுப்பு மேலங்கியோடு, முழங்காலை மடித்து உட்கார்ந்து, பழைய ஆட்டப் பெட்டியையும் புதிய பெட்டியையும் ஒரே டிவியில் மாற்றி மாற்றி மாட்டி.

ஹொரிகுச்சி குடும்பம் என்றால் இந்த ஊரில் தெரியாதவர் யார், பிரபுக்கள் காலத்தில் கோட்டையின் மேற்கு வாயில் எங்கள் பொறுப்பு, கோட்டை போய்விட்டது, கல்சுவர் மட்டும் நிற்கிறது, ஆனாலும் இன்றைக்கும் நகரசபை விழாவில் மேற்கு வாயில் கொடியை நான்தான் பிடிக்கிறேன். தம்பி கதை எழுதப் போகிறேன் என்று தோக்கியோவுக்குப் போய், ஒற்றை அறையில் கிடந்து, 'ஒன்பது கோபுர நாடு' என்று ஒரு விளையாட்டுக்குக் கதை எழுதினான். அப்பாவுக்குப் பிடிக்கவில்லை, எனக்கும்தான். ஆனால் அதில் கார்தோவை வைத்திருந்தான், அசையாத காவலன், அது யாரைப் பார்த்து எழுதியது என்று ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இல்லை. இப்போது? போன மாதம் கல்யாண வீட்டில் சித்தப்பா மகன் ஷோஜி, அரிசி மது உள்ளே போன தைரியத்தில், "என்ன பெரியண்ணே, உங்க வீட்டுக் கதவு தொறந்தே கெடக்காமே?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அந்த ஒரிதோவும் எங்கோ உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பாள்.

சரி, நியாயமாகவே பார்ப்போம். பழைய ஆட்டத்தில் மனிதர்கள் கட்டைவிரல் நகம் அளவுச் சதுரப் பொம்மைகள், ஆனால் நேராக நிற்பார்கள், கேட்டதற்குப் பதில் சொல்வார்கள். புதியதில் ஒவ்வொரு மயிரும் தனியாகத் தெரிகிறது, இருந்து என்ன, சுவரில் சாய்கிறார்கள், கொட்டாவி விடுகிறார்கள், ராஜா முன்னால் தலையைச் சொறிகிறான் ஒருவன். பழையதில் யார் வீட்டுக்குள்ளும் நுழைந்து இழுப்பறையைத் திறந்து எடுத்துக்கொள்ளலாம், ஒருவரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள், அது எனக்கு அப்போதே பிடிக்கவில்லை. புதியதில் திருடன் என்று கத்துகிறார்கள், அது சரிதான், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கார்தோ? முதல் ஆட்டத்தில் செத்தவனாகச் சொன்னவனை இரண்டாம் ஆட்டத்தில் ஒரு மலைப்பாதைக் குடிசையில் கிழவனாக உட்காரவைத்திருக்கிறார்கள். இடது கை முதுகுக்குப் பின்னால், விரல்கள் மூடி... அது என் கை. நான் நிற்கும் விதம். பழைய பொம்மைக்குக் கையே தெரியாதே, இதைக் கம்பெனிக்காரர்களுக்கு யார் சொன்னது? நட்சுயோவா? தம்பி மனைவிதான், ஆனால் அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம்.

அவளே வந்தாள், பயறு பூசிய சோற்று உருண்டைத் தட்டோடு. கேட்டேன். "நான் எதுக்கு அத்தான் சொல்றேன்? ஆஸ்பத்திரிக் கட்டில்லேர்ந்து எறங்கி நின்னு அவரேதான் அந்த ஒரிதோ அம்மாவுக்கு நடிச்சுக் காட்டினாரு. நர்ஸ் வந்து திட்டிட்டுப் போச்சு." அவனேவா? அல்லது அப்படிச் சொல்லச் சொல்லியிருக்கிறார்களா? டிவியில் கிழட்டுக் கார்தோ, மீன் விற்பவன் போலக் கரகரத்த குரலில், "வாயிலைத் திறந்தது நான்தான்" என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டான். பார், பார், வாக்குமூலம். வழக்கம்போல அணைக்கப் போனேன்.

"இருங்க, இன்னொரு தடவ பேசுங்க."

"எதுக்கு? அதான் சொல்லிட்டானே."

"ஐயோ அத்தான், இந்த மாதிரி ஆட்டத்துல ஒருத்தர்கிட்ட ஒரே ஒரு தடவ பேசிட்டு நகர்ற ஆளு உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான். பால்குடி மறக்காத புள்ளகூட ரெண்டு தடவ பொத்தான அமுக்கும்."

காவல் நிற்பவனிடம் ஒரே விஷயத்தை இரண்டு தடவை கேட்டால் அவன் வார்த்தையை நம்பவில்லை என்று அர்த்தம், நான் அப்படிச் செய்பவன் அல்ல. ஆனாலும் அவள் நகரவில்லை, அமுக்கினேன். கிழவன் திரும்பினான். "உள்ளே என் தம்பி இருந்தான். முற்றுகையில் அவன் சாப்பிடவே இல்லை என்றார்கள். ஒரு கிண்ணம் கஞ்சி கொண்டுபோனேன். அவ்வளவுதான்." ஓஹோ. இதுதானா? பிடித்துவிட்டேன். "நட்சுயோ, இது அந்தப் பொம்பளையோட கைவேலை. அழுகாச்சி. முதல் ஆட்டத்துல கார்தோவுக்குத் தம்பியே கெடையாது."

அவள் தட்டைத் தரையில் வைத்தாள். "கெடையாதா? அதுலயும் நீங்க ரெண்டாந்தடவ பேசினதே இல்லையா?"

பழைய பெட்டியை டிவியில் மாட்டினேன். சதுரப் பொம்மை, சாம்பல் நிற வாயில். "இது மேற்கு வாயில். யாருக்கும் வழியில்லை." இத்தனை வருடம் இந்த வரியை நிமிர்ந்து உட்கார்ந்து படித்திருக்கிறேன். மறுபடி அமுக்கினேன். எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன, பழைய ஆட்டத்துக்கே உரிய அந்த மெதுவோடு. "கிணற்று வழியாக உள்ளே போவீர் என்று தெரியும். போனால், என் தம்பி சாப்பிட்டானா என்று பார்த்து வந்து சொல்லும். என்னால் இங்கிருந்து நகர முடியாது."

வாசல் மணி அடித்தது. "வந்துட்டாங்க, அந்த ஒரிதோ அம்மாதான் முன்னாடி நிக்கிறாங்க. என்ன சொல்லட்டும் அத்தான்?"

"இது... எல்லாருக்கும் தெரியுமா?"

"ஆட்டம் வாங்கின அத்தனை பேருக்கும். உங்ககிட்ட மட்டும் யாரும் சொல்லக்கூடாதுன்னு அவரு கண்டிசன் போட்டாரு."

"கொண்டுவந்தத வைக்கச் சொல்லு," என்றேன். வாசலில் செருப்புகள் கழற்றும் சத்தம், குனிந்து வணக்கம் சொல்லும் குரல்கள், ஷோஜியின் குரலும் இருக்கிறது, அப்படியானால் ஷோஜிக்கும் தெரியும், கல்யாண வீட்டில் சிரித்த அத்தனை பேருக்கும் தெரியும், அவர்கள் எதற்குச் சிரித்தார்கள் அப்போது? என்னிடம் மட்டும் ஏன் சொல்லக்கூடாது? தம்பி தோக்கியோவில் இருந்த காலத்தில் அவன் சாப்பிட்டானா என்று நான் யாரிடமும் கேட்டதாக நினைவில்லை... அம்மாவிடம் கேட்டிருப்பேனோ, ஒரு தடவை, அப்பா இல்லாத நேரத்தில்? கேட்டிருந்தால் அதை அவனிடம் போய்ச் சொன்னது யார்? கேட்கவே இல்லை என்றால் இவன் எதை வைத்து எழுதினான், என்னைப் புகழவா, குத்திக்காட்டவா? மூன்றாவது தடவை அமுக்கினேன், இன்னும் ஏதாவது சொல்வான் என்று. அதே வரிதான் வந்தது, ஒவ்வொரு எழுத்தாக, சாப்பிட்டானா என்று.