பாலத்துக்காகப் போட்ட மாத்திரை

கதவை யாரோ உள்ளங்கையால் படபடவென்று அறைந்தார்கள். தோவாவின் வாயிலிருந்த பல்துலக்கி நழுவித் தொட்டியில் விழுந்தது.

"போலீஸா?" என்றாள்.

"போலீஸா இருந்தா இந்நேரம் கதவு உள்ள விழுந்திருக்கும்" என்று சட்டையை மாட்டிக்கொண்டே போய்த் திறந்தான் அவள் கணவன் துவான்.

வெளியே ஒரு நடுவயதுப் பெண். நாலு மாடி ஏறி வந்ததில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். கழுத்தில் அடையாள அட்டை, தோளில் பூட்டுப் போட்ட நீலப் பெட்டி. துவானுக்குப் பின்னால் நின்ற தோவாவைப் பார்த்துப் பேசினாள்.

"மன்னிச்சுக்கோ தங்கச்சி, உங்க மணி அடிக்கல. என் பேரு லுவா. ஊக்கமருந்து சோதனைக்கு வந்திருக்கேன்."

விடியற்காலையில் வீட்டில்தான் இருப்பேன் என்று சோதனைக்காரர்களுக்குத் தோவாவே எழுதிக் கொடுத்திருந்த நேரம் அது. குற்றம் சொல்ல வழியில்லை. அடுத்த மாதம் துப்பாக்கி சுடும் தேசிய அணியை அறிவிக்கப்போகிறார்கள். ஹை ஃபோங் நகரத்திலிருந்து கைத்துப்பாக்கிக்கு ஒரே பெயர், அவள் பெயர். வயது முப்பத்தொன்று. இதை விட்டால் இன்னொரு முறை கிடையாது.

இரண்டு வருடங்களுக்கு முன்பு ஓர் இறுதிப் போட்டியில், கடைசிக் குண்டுக்குக் கையை உயர்த்தியபோது அவள் நெஞ்சு தறிகெட்டு அடிக்க ஆரம்பித்தது. அன்றோடு நிற்கவில்லை. சந்தைக்குப் போனால் அடித்தது, லிஃப்ட்டில் அடித்தது. ஆற்றுப் பாலத்தைத் தூரத்தில் பார்த்தாலே கை விறைத்து மூச்சு அடைத்தது. மருத்துவர் ஒரு சின்ன வெள்ளை மாத்திரை கொடுத்தார். பீட்டா பிளாக்கர். அரை மணி நேரத்தில் நெஞ்சு அடங்கிவிடும். தோவா மறுபடியும் மனுஷியானாள்.

ஆனால் துப்பாக்கி சுடுபவர்களுக்கு அது தடை செய்யப்பட்ட மருந்து. இரண்டு துடிப்புகளுக்கு நடுவே கிடைக்கிற அசைவில்லாத நொடியில்தான் விசையை இழுப்பார்கள். அந்த நொடியை நீட்டித் தருகிற மாத்திரை மற்றவர்களுக்கு வைத்தியம், இவர்களுக்குத் திருட்டு. விலக்குக் கேட்டு இரண்டு முறை எழுதினாள். இரண்டு முறையும் இல்லை என்றார்கள். நிறுத்திவிட்டாள். பயிற்சிக்கு ஸ்கூட்டரில் துவான் பின்னால் உட்கார்ந்து, பாலத்தில் கண்ணை மூடிக்கொண்டே போய் வந்தாள்.

மருந்துக்கடையில் உதிரியாகப் போட்டுத் தந்த பிளாஸ்டிக் பை மட்டும் சமையலறை அலமாரியில் மீன்சாறு பாட்டில்களுக்குப் பின்னால் கிடந்தது. போடமாட்டாள். நெஞ்சு அடிக்கும்போது அலமாரியைத் திறந்து பையைப் பார்ப்பாள், அவ்வளவுதான். அது அங்கே இருக்கிறது என்பதே ஒரு தெம்பு.

முந்தாநாள் பள்ளிக்கூடத்திலிருந்து தொலைபேசி. மகள் தாவ் படியில் விழுந்து மண்டையை உடைத்துக்கொண்டாள். துவான் துறைமுகத்தில் கிரேன் உச்சியில் இருந்தான், கூப்பிட்டால் எடுக்கவில்லை. பள்ளிக்கூடம் பாலத்துக்கு அந்தப் பக்கம். தோவா பையிலிருந்து ஒன்றை எடுத்து விழுங்கிவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினாள்.

மாத்திரை பழசாகிவிட்டது போல, அன்றைக்கு வேலை செய்யவே இல்லை. பாலத்தின் நடுவில் வாய்விட்டு அழுதுகொண்டு, பின்னால் லாரிக்காரன் ஒலிப்பானை அலறவிட, எப்படியோ போய்ச் சேர்ந்தாள். மகளுக்கு இரண்டே தையல்தான், மறுநாளே ஓடியாட ஆரம்பித்துவிட்டாள். சாயங்காலம் துவான், "பாத்தியா, மாத்திரை இல்லாமலே பாலம் தாண்டிட்ட!" என்று தோளைத் தட்டியபோது அவள் மாத்திரை போட்டதை மறைத்துவிட்டாள்.

இப்போது லுவா கழிப்பறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். பார்த்துக்கொண்டுதான் நிற்க வேண்டும், அது விதி. தோவாவுக்கு ஒரு சொட்டு வரவில்லை.

"குழாயைத் திறந்து விடவா?"

"திறந்தா எனக்கு அழுகைதான் வருது அக்கா."

"அது எங்க சீசாவுக்கு ஆகாதே" என்றாள் லுவா.

கூடத்திலிருந்து துவான் குரல் கொடுத்தான். "இன்னொரு செம்பு தண்ணி குடி! துறைமுகத்துல கப்பலே மிதக்கும்!"

"நீங்க முதல்ல பிள்ளையைப் பள்ளிக்கூடத்துல விட்டுட்டு வாங்க! வரும்போது ஒட்டரிசிச் சோறு வாங்குங்க!"

அவன் போன பிறகு ஒருவழியாக வந்தது. லுவா அதை இரண்டு சீசாக்களில் ஊற்றி முத்திரையிட்டுப் பெட்டியில் வைத்தாள். பிறகு பேனாவை எடுத்தாள்.

"கடைசி ஏழு நாள்ல மருந்து ஏதாவது?"

தோவா சீசாக்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். "முடிவு எப்ப வரும் அக்கா?"

"மூணு வாரம் ஆகும்."

மூன்று வாரம். ஒவ்வொரு முறை தொலைபேசி ஒலிக்கும்போதும், ஒவ்வொரு முறை படியில் காலடி கேட்கும்போதும். ஏற்கனவே நெஞ்சு காதுக்குள் ஏறி அடித்துக்கொண்டிருந்தது. தண்டனையை அவளால் தாங்க முடியும். காத்திருக்க முடியாது.

"முந்தாநாள் ஒரு மாத்திரை போட்டேன். பீட்டா பிளாக்கர். குண்டு சுட இல்லக்கா, பாலம் தாண்ட."

லுவா பேனாவைக் கீழே வைத்தாள். "நல்லா யோசிச்சுச் சொல்லும்மா. எழுதிட்டா அழிக்க முடியாது."

"ஒருவேளை சோதனையில தெரியலேன்னா?"

"தெரிஞ்சாலும் தெரியாட்டியும் ஒண்ணுதான். அதுதான்னு நினைச்சு நீ முழுங்கினாலே குத்தம். பாலமா, பந்தயமான்னு யாரும் கேக்க மாட்டாங்க. நாலு வருஷம் வெளியில நிறுத்திடுவாங்க."

"எழுதுங்க."

லுவா எழுதினாள். தோவாவின் முதல் கையெழுத்து கட்டத்தைத் தாண்டி ஓடியது. இரண்டு முறை போட வேண்டியிருந்தது.

"இனிமே அந்த மாத்திரையைத் தாராளமாப் போட்டுக்கலாம்" என்று லுவா பெட்டியைத் தோளில் மாட்டினாள். கேலியா, ஆறுதலா என்று அவளுக்கே தெரியாத குரல்.

படியில் துவான் எதிரே வந்தான், கையில் ஆவி பறக்கும் வாழையிலைப் பொட்டலங்கள். "என்னக்கா, கப்பல் கிளம்பிடுச்சா? ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க!" லுவா அவன் முகத்தைப் பார்க்காமல் இறங்கிப் போனாள்.

தோவா சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தாள். ஒன்று விடாமல் சொன்னாள். பள்ளிக்கூடத்துத் தொலைபேசி, மீன்சாறு பாட்டில், விழுங்கிய மாத்திரை, போட்ட கையெழுத்து. துவான் நின்றபடியே கேட்டான். பொட்டலங்களை இன்னும் கீழே வைக்கவில்லை. கீழே தெருவில் லுவாவின் வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. அவன் ஜன்னலுக்கு ஓடினான். வண்டி முனை திரும்பிக்கொண்டிருந்தது.

"ஏன் இப்படி ஓடுறீங்க?" என்றாள் தோவா.

அவன் ஜன்னலை விட்டுத் திரும்பவில்லை.

"அந்த மாத்திரையெல்லாம் நான் போன வருஷமே ஆத்துல கொட்டிட்டேன் தோவா... வெறும் பையைப் பாத்தா நீ பயந்துடுவேன்னு, அதே மாதிரி வெள்ளையா இருந்த பாப்பாவோட விட்டமின் மாத்திரையை அதுல போட்டு வச்சேன்."