முனியாண்டி பேரில் ஒரு சண்டுச் சீட்டு

பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில் கொட்டகைக்குப் பின்னால் இருக்கும் முனியாண்டிக்கு என் வீட்டுக்காரர் பக்கிரிசாமிதான் பூசாரி. படையலில் சண்டு, அதாவது காய்ச்சிய அபின், தடவிய சுருட்டு ஒன்று உண்டு. முனிக்கு வாசனையோடு சரி. பிரசாதம் வீணாகக் கூடாதென்று மிச்சத்தை இவர் இழுப்பார். வெள்ளிக்கிழமைப் படையல் எப்போது தினப்படையல் ஆனதென்று நானும் கேட்டதில்லை. வெள்ளைக்கார அரசாங்கமே கடை போட்டு, முத்திரை குத்தி விற்ற சரக்கு; யார் கேட்பார்கள்?

திடீரென்று அதே அரசாங்கம் அதை விஷம் என்றது. சண்டுப் பழக்கக்காரன் என்று பேர் பதிந்து சீட்டு வாங்கியவனுக்குத்தான் இனிமேல் சரக்காம். விற்றவனுக்கு வெட்கமில்லை, இழுத்தவனுக்குத்தான் வெட்கம். எங்கள் மகளுக்குக் கிள்ளானில் தாம்பூலம் மாற்றியிருந்தோம். பேர் பதிந்தால் சம்பந்தம் போய்விடும். பதியாவிட்டால் இவருக்குக் கைகால் நடுக்கம் நிற்காது.

அதற்கு இந்த மனுஷன் கண்டுபிடித்த வழி, முனியாண்டி பேரில் பதிவது.

"புத்தி கித்தி இருக்கா உங்களுக்கு?" என்றேன்.

"படையல் அவருக்குத்தானே? பேரும் அவரோடதாத்தான் இருக்கணும்."

சண்டுக் கடையில் பேரெழுதும் கிராணி சிவசம்பு யாழ்ப்பாணத்துக்காரர். சிரிக்கவே இல்லை. சாமி பதியக் கூடாதென்று சட்டத்தில் எங்கும் இல்லையாம்.

"விண்ணப்பகாரருக்கு என்ன வயசு?"

"ஆதியிலேர்ந்து இருக்காருங்க ஐயா."

"அப்ப இருபத்தொண்டுக்கு மேலை. தொழில்?"

"காவலுங்க."

"சரி. ஆனால் ஆள் நேரிலை வரவேணும். கைநாட்டு வைக்கவேணும்."

இவர் சட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்தார். வரிசையில் நின்ற சீனர்கள் விலகி இடம் விட்டார்கள். இவர் மேல் முனி இறங்கியது. மேசையே ஆடியது. சிவசம்பு மைக்கூட்டை மட்டும் ஓரமாக நகர்த்தி வைத்தார்.

"வாங்கோ. சண்டு இல்லாட்டி உங்கட உடம்புக்கு என்ன செய்யும்?"

"எனக்கு ஒண்ணும் செய்யாதுடா," என்று முனி உறுமியது.

"அப்ப ஆருக்குச் செய்யும்?"

ஆட்டம் நின்றது. கண் மூடியே இருந்தது, குரல் மட்டும் தழைந்தது. "இந்தப் பக்கிரிக்குத்தான். நான் ஒரு நாளும் சண்டு கேட்டதில்ல. இவனால விட முடியல. இல்லாத அன்னிக்கு வாயில துணிய அடச்சுக்கிட்டு அழுவுறான். பொண்டாட்டிக்குத் தெரியாதுன்னு நெனப்பு. இவன் பேர எழுது."

இத்தனை வருஷம் என்னிடம் சொல்லாததை ஒரு கிராணியிடம், அதுவும் சாமி வாயால் சொல்கிறாரே என்று ஆத்திரம் வந்தது. அழுகையும் வந்தது. சிவசம்பு இவர் பேரை எழுதி, கட்டைவிரலைப் பிடித்துச் சீட்டில் உருட்டினார்.

சாமி மலையேறியது. சாமி வந்தவனுக்கு அது சொன்னது எதுவும் தெரியாது, பக்கத்தில் நின்றவர்கள்தான் சொல்ல வேண்டும், அதுதான் முறை. இவர் என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"சாமி என்னா சொல்லிச்சு?"

"இனிமே வாயில துணி அடைக்க வேணாமாம்."

கட்டைவிரல் மையை வேட்டியில் துடைத்தார்.

"கிள்ளான் சம்பந்தி கேட்டா?" என்றார்.

யார் பேர் பதிவாகியிருக்கிறதென்று இவருக்கு எப்படித் தெரியும்? நான் கேட்கவில்லை. சீட்டை வாங்கி என் முந்தானையில் முடிந்துகொண்டேன்.

"சட்டையப் போடுங்க. அவங்ககிட்ட நான் பேசிக்கிறேன்."